ஐந்து கட்டைத் தூரம் யாருக்கு எவ்வளவு?

ஐந்து கட்டைத் தூரம் என்றால் அஃது எவ்வளவு தூரம்? கணித நூலைக் கேட்டால் எட்டுக் கிலோமீற்றர் என்று விடை கூறும். வீதியோரத்து மைற்கல்லும் அதனையே கூறும். ஆனால், சுன்னாகச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுசெல்லும் கமக்காரரையும், அற்றன் மலைச்சரிவிலே பனிமூட்டத்தினூடே பாடசாலைக்கு நடக்கும் சிறுமியையும், நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கு வரும் மூதாட்டியையும், வெள்ளவத்தையிலே பஸ் வண்டிக்குக் காத்து நிற்கும் உத்தியோகத்தரையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். நால்வரும் நால்வேறு விடை கூறுவர். ஒருவருக்கு அது அரை மணிநேரம். மற்றொருவருக்கு அது அரை நாள்.

போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வீதியையும் வண்டியையும் பற்றிப் பேசுகின்றோமேயன்றி, பயணஞ் செய்யும் மனிதரைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. ஒருவருடைய வயது, அவர் பிறந்த குடி, அவரது கைப்பொருள், அவர் வாழும் அயல் ஆகிய இவையே அவர் எங்கே செல்லலாம், எப்பொழுது செல்லலாம், எவ்வளவு களைத்துத் திரும்புவார் என்பனவற்றைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அன்றாடம் நம் கண்முன்னே நிகழும் இவ்வுண்மையைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து.

நிலம் வகுத்த வழி

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த சமநிலம். இங்கே மலையுமில்லை, பேராறுமில்லை. துவிச்சக்கர வண்டிக்கு இதனினும் வாய்ப்பான நிலத்தை எண்ணிப் பார்த்தல் அரிது. ஆசிரியரும், எழுதுவினைஞரும், கமக்காரரும், கோயிற் குருக்களும் பன்னெடுங்காலமாகத் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றுவந்தமைக்கு இதுவே முதற் காரணம். வலிகாமத்து ஊர்கள் ஒன்றோடொன்று நெருங்கியவை, ஒழுங்கைகளாலே பின்னப்பட்டவை. அங்குள்ள பிள்ளை பெருந்தெருவைக் காணாமலே, ஒழுங்கை வழியாகப் பாடசாலை சென்று திரும்புதல் கூடும். விடியுமுன்னரே மரக்கறிக் கூடையைக் கரியரிற் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகச் சந்தைக்கோ செல்பவருக்கு ஐந்து கட்டை ஒரு பொருட்டன்று. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும், கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான் பனங்கிழங்கையும் தேங்காயையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றிச் சென்றதை முதியோர் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வர்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குச் சென்றால் நிலைமை வேறாகிறது. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளாற் குடாநாட்டுடன் இணைந்தவை. ஆயின், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். எழுவைதீவு, அனலைதீவு மக்களும் கடலை நம்பியே வாழ்பவர்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள சிறு கடலை மக்கள் நெடுங்காலமாக மிதவையிலேயே கடந்தனர். அம் மிதவைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பது. நீரின்மேல் மிதப்பதையே பாதை என்று அழைத்த மக்களின் வாழ்க்கையை அச்சொல்லொன்றே விளக்கும்.

நெடுந்தீவுப் பயணம் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். சோளகக் காற்று வீசுங் காலத்திலும், வாடையும் மழையும் சேர்ந்து வருங் காலத்திலும் அந்த ஒரு மணிநேரத்தை யாரும் உறுதியாகக் கூறவியலாது. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், அல்லது ஒரு பெண்ணுக்குப் பேறுகாலத்தில் இடர் நேர்ந்தால், முதலிற் கடலைக் கேட்க வேண்டும். பின்னரே வைத்தியரைக் கேட்கலாம்.

கிழக்கிலே மட்டக்களப்பு வாவி இரண்டு கரைகளையும் இரண்டு உலகங்களாகப் பிரித்துள்ளது. சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. மறைகின்ற பக்கம் படுவான்கரை. பெருந்தெருவும் நகரமும் பெரிய வைத்தியசாலையும் எழுவான்கரையில். பரந்த வயல்வெளிகளும் பண்ணைகளும் படுவான்கரையில். கல்லடியிலே 1924 இல் வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் எழுந்தது. ஆனால் மண்முனையிலே பாலம் திறக்கப்பட்டது 2014 இலேதான். அதற்கிடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையிலே மிதவைக்குக் காத்து நின்றனர். ஒரே வாவி, ஒரே மக்கள். பாலத்துக்கு அண்மையிற் பிறந்தவர், துறைக்கு அண்மையிற் பிறந்தவர் என்ற வேறுபாடு ஒன்றே அவர்களுடைய நாளை நீட்டவும் குறுக்கவும் போதுமானதாயிற்று.

துறையிலே காத்திருப்பது காலவிரயம் மட்டுமன்று, உயிராபத்துமாகும் என்பதற்குத் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா சான்று. அங்கே 2009 இல் 396 மீற்றர் நீளமான பெரும் பாலம் திறக்கப்பட்டது. எனினும், அதே பிரதேசத்துக் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தைப் புதிதாக அமைக்கும் வேலை நடைபெற்றபொழுது, மக்கள் மிதவையிலே செல்ல நேர்ந்தது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை அம் மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அப்பிள்ளைகள் செய்த ஒரே காரியம், அயலிலுள்ள மற்றைப் பிள்ளைகளைப் போலப் பாடசாலைக்குப் புறப்பட்டமையே.

குடியும் கைப்பொருளும்

நிலத்தின் தடைகளைப் பாலங்கட்டி நீக்கலாம். மனிதர் மனிதருக்கு இட்ட தடைகள் அவ்வளவு எளிதில் நீங்குவனவல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலே யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் பஸ் வண்டியின் ஆசனத்தில் அமரக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. காலணி அணிதலும், குடை பிடித்தலும், துவிச்சக்கர வண்டி வைத்திருத்தலுங்கூட அவர்களுக்கு மறுக்கப்பட்டன. கட்டணம் யாவருக்கும் ஒன்றே; ஆசனமோ சிலருக்கு மட்டும். வெயிலும் மழையும் எல்லார் தலையிலும் ஒரேவிதமாக விழுந்தன. குடை மட்டும் சாதி பார்த்து விரிந்தது. சைவமும் தமிழும் வளர்த்த மண்ணென்று பெருமை பேசும் நாம், இதனையும் நம் பிள்ளைகளுக்கு மறையாது சொல்லுதல் கடன். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலே நிறைவேறியது. சட்டம் வந்த அன்றே வழக்கம் மாறிவிடவில்லை. பலர் போராடியே மாற்றினர். பஸ்ஸில் எவரும் எவரருகிலும் அமரலாம் என்ற இன்றைய நிலை தானாக வந்ததன்று.

மலையகத்து மக்களின் வரலாறோ நடைப்பயணத்திலேயே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், அடர்ந்த காட்டினூடே மாத்தளைவரை நடந்தே சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். அவ் வரலாற்றின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவர். புகைவண்டிப் பாதை 1867 இலே கண்டியை எட்டியது. 1924 இலே பதுளையை எட்டியது. மலைநாட்டிலே அப்பாதை எழுந்தமைக்குக் கோப்பியும் தேயிலையும் துறைமுகத்துக்கு இறங்கவேண்டிய தேவையே தலையாய காரணம். பயிருக்குக் கிடைத்த பாதை பயிரிட்டோருக்கு எளிதிற் கிட்டவில்லை. இன்றுங்கூடப் பல தோட்டங்களிலே லயத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையே நீண்ட ஏற்ற இறக்கமுண்டு. பிரட்டுக்களத்துக்குக் காலையில் நடந்து, கொழுந்துச் சுமையோடு பகல் முழுவதும் சரிவிலே நடந்து, மாலையில் மீண்டும் லயத்துக்கு ஏறும் தாய்க்கு, பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு ஐந்து கட்டை செல்வது எத்தகையதென்று நகரத்தவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவசர நோயாளர் கொழுந்து லொறியில் வைத்தியசாலை சேர்ந்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு.

கைப்பொருளின் வலிமையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. பொருளுடையோர் வீட்டுப் பிள்ளை வானில் ஏறி, வாயிலில் இறங்குகின்றது. பொருளில்லாதார் வீட்டுப் பிள்ளை ‘நடராசா சேவை’யில் வருகின்றது. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, இலாபங் கிட்டாத ஊர்களுக்கும் பஸ் செல்லல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அந்நோக்கத்தின் அருமையைப் பஸ் நின்றுபோன கிராமத்தவரே நன்கறிவர். பாடசாலைக் கல்விக்குக் கட்டணமில்லை என்று 1945 இலே நாடு முடிவு செய்தது. பாடசாலைக்குச் செல்லும் வழிச்செலவோ இன்னும் பெற்றோர் தலையிலேயே இருக்கின்றது. மாணவர் பருவச்சீட்டு அச்சுமையை ஓரளவு குறைக்கின்றது. பஸ் ஓடாத ஊரில் அச்சீட்டு வெறுங் கடதாசியே.

பெண்களும் துவிச்சக்கர வண்டியும்

முற்காலத்து யாழ்ப்பாணத்திலே வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கூடார வண்டிலிலே திரையிட்டுச் சென்றனர். பெண் தனியே தெருவில் நடப்பதையே குறைகூறிய காலம் அது. அதே மண்ணிலே இன்று வெள்ளைச் சீருடையணிந்த மாணவியர் அணியணியாகத் துவிச்சக்கர வண்டியிற் செல்வதைக் காணும்போது, ஒரு நூற்றாண்டுக்குள் எத்துணை பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளதென்று வியக்காமல் இருத்தல் இயலாது. பட்டதாரி ஆசிரியையும், தாதியும், மரக்கறி விற்கும் அம்மாவும் இன்று தாமே வண்டியோட்டிச் செல்கின்றனர். மற்றொருவர் வந்து ஏற்றிச்செல்லும்வரை காத்திருக்கும் நிலை நீங்கியமையே பெண்ணின் விடுதலையிலே ஒரு பெரும்படி.

ஆயினும், முற்றும் நீங்கியது என்று கூறவியலாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் மேற்கொண்ட ஆய்வொன்றிலே, பஸ்களிலும் புகைவண்டிகளிலும் பயணஞ் செய்யும் பெண்களுள் 100 க்கு 90 பேர் தொல்லைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். இது வெட்கித் தலைகுனிய வேண்டிய கணக்கு. மாலை வகுப்பு முடியும் நேரமும் கடைசிப் பஸ் புறப்படும் நேரமும் ஒத்துவராத ஊரிலே, மகனுக்குக் கிடைக்கும் வகுப்பு மகளுக்குக் கிடைப்பதில்லை. “இருட்டிப் போகும் பிள்ளை, வேண்டாம்” என்று தந்தை சொல்லும் ஒரு வார்த்தையிலே, கெட்டிக்காரியான ஒரு மாணவியின் உயர்தர வகுப்புப் பாடமே மாறிவிடுதல் உண்டு. தந்தையைக் குறைகூறிப் பயனில்லை. வீதிவிளக்கும், நேரந்தவறாத பஸ்ஸும், கண்ணியமான சகபயணிகளும் இருப்பின் அவர் அவ்வாறு சொல்லார்.

போர்க்காலம் கற்பித்தவை

வழியின் அருமையை வடக்கு மக்களுக்குப் போர்க்காலம் கற்பித்ததுபோல வேறெதுவும் கற்பித்ததில்லை. 1956 இலே ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இலே நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மீண்டும் யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி வந்தது 2014 ஒக்டோபரில். 1990 இற் பிறந்த குழந்தை 24 வயது இளைஞனாகிய பின்னரே தன் ஊரிலே புகைவண்டியைக் கண்டது. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டிருந்த 1990 களின் முற்பகுதியிலே, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே சிறு படகுகளிற் கடந்தனர். அதற்கு முன்னரே, 1985 மே 15 ஆம் திகதி, நெடுந்தீவுக் கடலிலே குமுதினிப் படகிற் சென்ற பயணிகள் கொலையுண்டமை மறக்கவொண்ணாதது. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மீண்டும் அடைபட்டபோது, குடாநாட்டினின்று வெளியேற விமானமும் கப்பலுமே வழியாயின.

பெற்றோல் கிடையாத அக்காலத்திலே சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டியை ஓட்டினர். துவிச்சக்கர வண்டியே அம்புலன்சாகவும், லொறியாகவும், வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிலாகவும் விளங்கிற்று. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழிப் பாலத்து வழியே அவர்கள் உருட்டிச்சென்றது இவ்வண்டியையே. அன்றிரவு வயதின் வேறுபாடு முழுமையாகத் தெரிந்தது. இளையோர் நடந்தனர், குழந்தைகள் தோளில் ஏறினர், நடக்கவியலா முதியோர் கரியரில் அமர்ந்தனர், அமரவும் இயலாதோர் சிலர் வீட்டிலேயே தங்கினர். மழையும் பெய்தது.

2022 இலே எரிபொருட் பஞ்சம் நாடு முழுவதையும் வாட்டியபோது, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற கொழும்பு நகரத்தவரும் துவிச்சக்கர வண்டியைத் தேடத் தொடங்கினர். வடக்கு மக்களுக்கு அது முன்னரே பழகிய பாடமாக இருந்தது.

சிறுவரும் முதியோரும்

குழந்தைப் பருவத்திலே தந்தையின் வண்டிப் பாரில் அமர்ந்து செல்கின்றோம். சிறிது வளர்ந்ததும், ஆசனத்துக்குக் கால் எட்டாமையால், வண்டிச் சட்டத்தின் இடைவழியே காலை நுழைத்து மிதிக்கப் பழகுகின்றோம். முழங்காற் தழும்பு ஆறுமுன் ஊர் முழுவதும் நமதாகி விடுகின்றது. இளமையில் வீதி விரிகின்றது. முதுமையில் அதே வீதி சுருங்குகின்றது. முதலிற் சந்தைப் பயணம் நிற்கும். பின் கலியாணவீடும் செத்தவீடும் நிற்கும். இறுதியிற் கோயில் வெளிவீதியும் தூரமாகிவிடும். பிள்ளைகள் வெளிநாடு சென்ற வீடுகளிலே தனித்திருக்கும் பெற்றோருக்கு, மாதாந்தக் கிளினிக் நாளே பெரும் பயணமாகின்றது. விடியற் காலையிலேயே சென்று துண்டெடுக்க வேண்டும்; பஸ்ஸின் முதற்படியோ முழங்காலுக்கு மேலே. கைப்பிடியைப் பற்றி ஏறுமுன் வண்டி நகர்ந்துவிடும். இதற்கு அஞ்சியே பலர் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கின்றனர். கொடுக்க இயலாதோர் கிளினிக்கைத் தவறவிடுகின்றனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பஸ் நேரம் பார்த்து நிற்பனவல்ல.

போரிலே கால் இழந்தோர் வன்னியிலே பலர். ஊருக்கு ஊர் நெடுந்தூரமும், நாளுக்கு இரண்டொரு பஸ்ஸுமுள்ள அப்பகுதியிலே, செயற்கைக் காலோடு பஸ்ஸின் உயர்ந்த படியில் ஏறுதல் பெரும் பாடு. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே இயற்றப்பட்டது. அதன் பயன் பஸ் படிவரை இன்னும் இறங்கி வரவில்லை.

பாடசாலைகளிலே மாணவ முதல்வர் வாயிலில் நின்று பிந்தி வருவோர் பெயரை எழுதுவது வழக்கம். அப்பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். அயலிற் குடியிருந்து பிந்துபவன் பெரும்பாலும் நித்திரையாற் பிந்துகின்றான்; தொலைவிலிருந்து பிந்துபவன் பஸ்ஸாற் பிந்துகின்றான். இருவருக்கும் ஒரே தண்டனை வழங்குதல் நீதியாகாது. ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, மற்றையதிலே தொங்கி வந்து சேரும் மாணவன் முதற்பாட வேளையில் கண்ணயர்ந்தால், அவனைச் சோம்பேறி என்று கூற நாம் துணியோம்.

செய்யத் தக்கன

பெரிய பாலங்களும் புகைவண்டிப் பாதைகளும் அரசு செய்யவேண்டியவை. மிதவைகளிலே உயிர்காப்பு அங்கியும், ஏற்றத்தக்க ஆட்களின் வரையறையும் இருத்தல் வேண்டும். அவற்றைக் கண்காணிப்பவரும் இருத்தல் வேண்டும். பாடசாலை தொடங்கும் நேரத்தையும், கிளினிக் நேரத்தையும், பஸ் நேரத்தையும் வகுப்போர் மூவரும் ஒருமுறை ஒன்றுகூடிப் பேசினால், பெருஞ் செலவின்றியே பலருடைய நாள் இலேசாகும். பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கூரையும் ஒரு வாங்கும் அமைப்பது கிராம அபிவிருத்திச் சங்கமொன்றுக்கு இயலாத காரியமன்று. வெயிலில் நடப்போருக்கு வீதியோரத்து வேம்பும் பூவரசும் ஆற்றும் உதவியை எந்த வண்டியும் ஆற்றமாட்டாது.

நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கவையும் உள. முதியவர் இரு காலும் ஏற்றிக்கொள்ளும்வரை மணியடியாதிருக்கும்படி நடத்துநரைக் கேட்கலாம். கருவுற்ற தாய்க்கு ஆசனம் கொடுக்கலாம். பஸ்ஸிலே ஒரு பெண்ணுக்குத் தொல்லை நிகழும்போது வேறு பக்கம் பார்க்காதிருக்கலாம். கிளினிக்குக்குச் செல்லும் அயல்வீட்டு ஆச்சியை மோட்டார்ச் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞன் மாதத்தில் ஒருநாள் ஏற்றிச் சென்றால், அவனுக்கு நட்டமாவது அரை மணிநேரமும் சிறிது பெற்றோலுமே.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். இவ்வாரத்தில் ஒருநாள், உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எங்கே சென்றனர், எதிற் சென்றனர், எவ்வளவு நேரம் எடுத்தது, எவ்வளவு செலவாயிற்று என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். யார் எங்கும் செல்லவில்லை என்பதையும், செல்ல விரும்பியும் ஏன் செல்லவில்லை என்பதையும் அவர்களைக் கேட்டு மறவாது குறியுங்கள். அப்பாவின் பக்கம் நிரம்பியிருக்கும்; அம்மாவின் பக்கத்திலே கிணற்றடியும் கடையும் கோயிலும் இருக்கும்; அம்மம்மாவின் பக்கம் வெறுமையாக இருக்கவுங்கூடும். அவ்வெறும் பக்கத்தைக் கண்டபின், வரும் வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலுக்கு யார் அழைத்துச் செல்வது என்று வீட்டிலே பேசி முடிவு செய்யுங்கள்.